நாலு விரல்

விதைநெல் விற்றுத் தீர்ந்த களஞ்சியத்தில்
செவ்வாயும் வெள்ளியும் கராத்தே.
மூலைகளில் உமி. வெறுங்காலில் சுணைக்கும்.
தருமபுரத்தில் இதைவிடப் பெரிய சமதளம் இல்லை,
இதுவும் சமதளம் இல்லை:
மட்டக்குழாயில் தண்ணீர் விட்டு நான் பார்த்துவிட்டேன்,
கதவுப் பக்கம் முக்கால் அங்குலம் பள்ளம்.

டிலக்சன் பகலில் ஓட்டோ ஓடுகிறான்.
என்னைவிடப் பதினாறு வயது இளையவன்.
"முதுகு, அக்கா" என்பான்.
குத்தும் உதையும் பிறகாம்.
நிமிர்வேன். நெஞ்சு முன்னுக்குத் தள்ளும்.
"உது நிமிர்வில்லை, விறைப்பு."
விறைப்பை விட்டால் தோள் இறங்கும்,
தோளோடு தலையும்.

மூன்று கிழமை பொறுத்தேன்.
நாலாம் கிழமை வேலைப் பையிலிருந்து
தூக்குக்குண்டை எடுத்துப் போனேன்.
பித்தளை. நுனி தேய்ந்தது.
பரந்தனில் ஒரு பள்ளிக்கூட மதில்,
விசுவமடுவில் வீட்டுத்திட்டத்துப் பதினொரு வீடு,
எல்லாம் அது சொல்ல நான் கேட்டுக் கட்டியவை.
வளையில் நூலைக் கட்டினேன்.
ஆடி
ஆடி
நின்றது.

"ஒவ்வொருத்தராய்ப் பக்கத்தில வந்து நில்லுங்கோ."

காது, தோள், இடுப்புப் பூட்டு, முழங்கால், கணுக்கால்
ஒரே நூலில் விழவேண்டும்.
வளர்ந்தவர்களில் ஒருவருக்கும் விழவில்லை.
ஆடைத் தொழிற்சாலை லோஜினியின் கழுத்து
இன்னும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.
டிலக்சனின் வலது தோள்
ஓட்டோவின் கைபிடியை விடவில்லை.
சிரித்தான், காது சிவக்க.
பத்து வயது அபிதன் மட்டும்
நட்டு ஒரு வருடமான கமுகு மாதிரி
நூலோடு நூலாய் நின்றான்.

எனக்கு,
நூலுக்கும் காதுக்கும் நடுவில் நாலு விரல்.

சீமெந்து மூட்டை, என்றேன்.
பதினாலு வருடச் சீமெந்து மூட்டை.
ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த வெள்ளி மழை. காற்று.
கூரைத் தகரம் ஒன்று கழன்று
வெளியே நெல் காயவிடும் தளத்தில் விழுந்தது.
ஏழு பேர் தரையில் கிடந்தோம்,
கிடப்பது எங்களுக்கே தெரியமுன்னம்.
முழங்கை காதை மூடி, நாடி நெஞ்சில் புதைந்து,
டிலக்சனும்.
பிள்ளைகள் நின்றபடி பார்த்தார்கள்.
"இது என்ன கட்டா?" என்று கேட்டான் அபிதன்,
தானும் பழக வேண்டுமாக்கும் என்று.
லோஜினி உமியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

மூட்டை தோளில் ஏறும், பிறகு இறங்கும்.
நாலு விரலை இழுத்தது அதல்ல.
குனி என்ற ஒரு சொல்.
பங்கருக்குள் முதுகெலும்புக்கு அதைவிட வேலை இருக்கவில்லை.

ஆவணியில் கிளிநொச்சியில் பட்டித் தேர்வு.
எனக்கு எதிரே மாங்குளத்துப் பிள்ளை, நீளக்கால்.
கால் தலைக்கு வந்தது.
குனிந்தேன்.
மேலால் போனது, சட்டை நுனி உரச.
சனம் கை தட்டியது.
அடுத்த குத்து பிடரியில்.

தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு டிலக்சன் கேட்டான்:
"குனிஞ்சது சரியக்கா. பிறகு ஏன் அங்கயே இருந்தனீங்கள்?"

பதில் தெரியும்.
தண்ணீரைக் குடித்தேன்.

இப்போது பழகுவது எழும்புவதை மட்டும்.
குதிக்காலால் தரையைத் தள்ள
தரை திருப்பித் தள்ளுகிறது,
இடுப்பு அதை வாங்கித் திருப்புகிறது,
முதுகு தோளுக்குக் கடத்துகிறது,
கைக்குக் கடைசியில்தான் செய்தி போகிறது.
நடுவில் ஒரு கல் விலகினாலும்
பாரம் அங்கேயே சிந்திவிடும்.
எத்தனை வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லியிருப்பேன்,
சுவரைத் தட்டிக் காட்டி.

இன்று காலை உருத்திரபுரத்தில்
முதற்கல் வைக்கமுன்னம் நூலைத் தொங்கவிட்டு
ஆள் இல்லை என்று பார்த்து அருகில் நின்றேன்.
கலவை குழைக்கிற பெடியன் கண்டுவிட்டான்.
சரி, விரலை வைத்துப் பார், என்றேன்.
வைத்தான். யோசித்தான்.
"மூண்டு, அக்கா.
சின்னவிரலையும் சேர்த்தா மூண்டரை."

சின்னவிரலைச் சேர்க்காதை, என்றேன்.